சிலை என்னும் மரம்

மாமல்லபுரத்திற்கு வருவோர் ‘சிலை’ என்னும் சொல்லைக் கல்லோடு சேர்த்தே கேட்கின்றனர். பழந்தமிழ்ச் செய்யுளிலோ அச்சொல் வில்லைக் குறிக்கும். ஒருவகை மரம் என்ற பொருளையும் அகராதிகள் அதற்குத் தருகின்றன. வில் செய்தற்குரிய மரத்தின் பெயரே வில்லுக்கு ஆகிவந்தது என்பர். கல்லைக் குறிக்கும் ‘சிலை’ வடமொழிவழி வந்த வேறொரு சொல். ஒலியால் மட்டுமே ஒன்றான இவ்விரண்டும் பொருளாலும் கூடிநிற்கும் இடம் இக்கடற்கரை. இங்கே சிலையைச் சிலையில் காணலாம்.

மகிடாசுரமர்த்தினி குகையின் வடசுவரில் எண்கரத்தாள் சிங்கத்தின்மேல் அமர்ந்து, நாணைக் காதளவு இழுத்து நிற்கிறாள். கோடிக்கல் மண்டபத்து வாயிலைக் காக்கும் மகளிர் இருவருள் ஒருத்தி வில்லுடையாள். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தில் தேவர்களுக்கும் விலங்குகளுக்கும் இடையே வேடர் வில்லோடு செல்கின்றனர். அச்சிற்பம் காட்டுவது அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அருச்சுனன் தவமே எனக் கொண்டால், சிவபெருமானே வேடனாகி வில்லெடுத்த கதையின் அருகில் இவ்வேடர் நிற்கின்றனர் என்பது சுவை கூட்டும்.

ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் கண்ணாற் கண்ட மரவில் இன்று இல்லை. ஈரமும் கரையானும் மரத்தை விட்டுவைப்பதில்லை. இங்கிலாந்தில் 1545இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ கப்பல் 1982இல் மேலே கொணரப்பட்டது. அதனோடு ‘யூ’ மரத்தாலான வில் நூற்றெழுபதுக்கு மேல் கிடைத்தன. கடற்சேறு அவற்றைக் காத்திருந்தது. தொண்டை நாட்டு வில்லுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஆயினும் வில் செய்யும் தொழில், எந்நாட்டிலும் மரத்தின் இயல்புக்குக் கட்டுப்பட்டது. அவ்வியல்பைத் தமிழர் நன்கறிந்திருந்தனர் என்பதற்குத் தொல்காப்பிய மரபியலே சான்று.

வன்மை புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் அந்நூல் பிரிக்கும். மூங்கில் புறக்காழ்; கருங்காலி அகக்காழ். இலக்கண மாணவர் மனப்பாடம் செய்யும் இப்பாகுபாடு வில் செய்வோனுக்கு உயிர்நிலை. வளைத்த வில்லின் வெளிப்புறம் இழுபடும். எய்வோனை நோக்கிய உட்புறம் நெருக்குண்ணும். மூங்கிலில் இழுவிசை தாங்கும் நார்கள் தோலை ஒட்டியே செறிந்திருப்பதால், தோற்புறத்தை வெளியே வைத்து உட்புறத்தைச் சீவ வேண்டும். மரத்தில் வைரம் உள்ளே இருக்கிறது. நெருக்குண்ணும் உட்புறத்திற்கு அவ்வைரமே தகும்.

அறுத்த மரத்தைவிட நாரோட்டம் பார்த்துப் பிளந்த மரமே வில்லுக்கு நல்லது. நார் அறுபட்ட இடம் பின்னர் முறியும் இடமாகும். முனைகள் விரைந்து காய்ந்து வெடிக்காதபடி மெழுகோ பிசினோ பூசி, கட்டையைப் பல மாதம் நிழலில் உலரவிடுவர். பின்னர் வெளிப்புறத்து நாரைத் தொடாமல் உட்புறத்தை மட்டும் சிறிது சிறிதாகச் சீவுவர். பிடியில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் வரவேண்டும். நாணேற்றுவதற்கு இரு முனைகளிலும் வெட்டும் பள்ளத்திற்குக் குதை என்று பெயர்.

அதன்பின் வருவதே கடினமான பகுதி. சற்றே வளைத்துப் பார்ப்பதும், விறைத்து நிற்கும் இடத்தைச் சுரண்டுவதும், மீண்டும் வளைப்பதுமாகப் பொழுது கழியும். மிகுதியாக வளையும் இடத்தில் கத்தி படலாகாது. இரு கைகளும் ஒத்து வளையும் வரையில் அது வில்லன்று, வெறுங்கோல். ஒரு சீவல் மிகுந்தால் பல மாத உழைப்பு விறகாகிவிடும்.

குறுவில்லுக்கு இடர் இன்னும் மிகுதி. ஒரே மரத்தாலான வில், நாணை இழுக்கும் அளவின் இருமடங்குக்குக் கீழே குறுகினால் முறியும் அச்சம் உண்டு. ஆகவே குறுவில்லாளன் காதுவரை இழுப்பதில்லை, மார்பளவில் விடுவான். முட்புதர் மண்டிய காட்டில் நெடுவில் கிளையில் மாட்டும். வேட்டுவனுக்கு விலங்கின் அருகே செல்லும் திறமே நீளத்திற்கு ஈடு. குகைச்சுவரில் தேவி இழுக்கும் இழுப்பு அவனுடையதன்று.

நாணுக்கு இக்கரையிலேயே விளைவது மரல். மருள் என்றும் வழங்குவர். அதன் நார் வில்நாணுக்குப் பெயர்பெற்றது. வடமொழியில் அவ்வினச் செடிக்கு மூர்வா என்று பெயர். நாணை மௌர்வி என்பது அதன்வழி வந்ததே.

இவ்வில்லை ஏந்தியோர் யாவர்? காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வழியில் எயினர் குடியிருப்புகளைக் காட்டுகிறது. அவர்தம் மகளிர் இரும்புப்பூண் இட்ட கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுக்கின்றனர். செங்கற்பட்டுப் பகுதி இருளர் எலிவளை தோண்டி நெல்லெடுத்து உண்ட வழக்கம் இதனை நினைவூட்டும். அதனாலேயே எயினரும் இருளரும் ஒருவரே என முடிவுகட்டுதல் தகாது. ஆனால் இவ்விருளருக்கு வில்லியர் என்ற பெயர் உண்டு. 1909இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் எட்கர் தர்ஸ்டன் அப்பெயரைப் பதிந்து, வில்லாளர் என்று பொருளும் கூறுகிறார். அவர் காட்டும் வில்லியருள் சிலர் நெல் குத்திப் பிழைத்தவர்கள்.

வில்லியர் வில்லிழந்ததற்குச் சட்டங்களும் காரணம் எனலாம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பீரங்கியையும் துப்பாக்கியையும் சொன்ன அதே வரையறையில் வில்லையும் அம்பையும் சேர்த்தது. பீரங்கிக்கு நிகராக வேட்டுவன் கோலை மதித்த பெருமை அவ்வரசுக்கே உரியது! 1882இல் வந்த சென்னை வனச்சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் மரம் வெட்டுவதைக் குற்றமாக்கியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்துவைத்தது. மரம், கருவி, இரை என்னும் மூன்றும் நூறாண்டுக்குள் இவர்கள் கைவிட்டுப் போயின. விலங்குகளைக் காத்தல் தேவையே. வேட்டையால் வாழ்ந்தோர்க்கு மாற்று என்ன என்ற வினாவுக்கு விடை பிந்தியே வந்தது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் பாம்பு நஞ்செடுத்து முறிமருந்துக்கு வழங்குகிறது. அக்குலத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

ஆண்டுதோறும் மாசி நிறைமதியில் இருளர் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரக் கடற்கரைக்கு வருகின்றனர். மணலில் கூடாரமிட்டுத் தங்கி, அலையோரத்தில் கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களும் முடித்துத் திரும்புகின்றனர். அக்கரையிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் இருக்கிறது, வில்லேந்திய வேடர் செதுக்கப்பட்ட பாறை.