கோடைக்காலப் பயிற்சிப் பணி (அமெரிக்கக் குடிமையுரிமை ஸ்தாபனங்கள்)

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இனம், நிறம், மதம், பால் என்பவற்றை முன்னிட்டுப் பிரஜைகளுக்கு இழைக்கப்படும் அநீதிகளை எதிர்த்து நியாயஸ்தலங்களில் வழக்காடுவதையும், மக்களுக்கு அவர்தம் உரிமைகளை எடுத்துரைப்பதையும் கடமையாகக் கொண்ட இலாப நோக்கமற்ற ஸ்தாபனங்கள், இன்னும் பட்டம் பெறாத கல்லூரி மாணவர்களை ஜூன் முதல் ஆகஸ்டு வரை நீளும் விடுமுறையில், பெரும்பாலும் 8 முதல் 10 வாரங்கள், தம் காரியாலயங்களில் அமர்த்தி, வேலை பழக்கி, ஊதியமும் அளிக்கும் ஏற்பாட்டைக் குறிப்பது இத்தலைப்பு. மாணவர் வழக்கில் இதற்கு ‘இன்டர்ன்ஷிப்’ என்று பெயர். 1909-இல் தோன்றிய நிற மக்கள் முன்னேற்றத் தேசியச் சங்கமும், 1920-இல் தோன்றிய அமெரிக்கக் குடிமைச் சுதந்திர யூனியனும், 1940-இல் தர்குட் மார்ஷல் நிறுவிய சட்டப் பாதுகாப்பு நிதியும் இவ்வகை ஸ்தாபனங்களுள் மூத்தவை.

விடுமுறை மாணவருக்கும் குடிமையுரிமைப் பணிக்கும் உள்ள சம்பந்தத்தின் பூர்வோத்தரத்தை ஆராய்பவர் 1964-ஆம் ஆண்டின் கோடையில் நெடுநேரம் நிற்க வேண்டியவராகிறார். மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பின மக்களின் பெயர்களை வாக்காளர் ஜாபிதாவில் ஏற்றுவதற்காக மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு முதலிய இயக்கங்கள் விடுத்த அழைப்பை ஏற்று, பெரும்பாலும் வடமாநிலக் கல்லூரிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,000 இளைஞர்கள் அங்கே சென்றனர். ஒஹாயோவில் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் சிற்றூரிலிருந்த மகளிர் கல்லூரியில் அவர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியில், அடி விழும்போது தலையையும் வயிற்றையும் காத்துக்கொண்டு சுருண்டு கிடப்பது எப்படி என்பதும் ஒரு பாடம். அவர்கள் எதிர்க்கச் சென்ற அநியாயத்தின் வடிவம் ஒரு காகிதத்தில் அடங்கியிருந்தது. வாக்குரிமை கோரி வந்த எளிய தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட்ட அந்த விண்ணப்பத்தில் 21 கேள்விகள். மாநில அரசியல் சாசனத்தின் 285 பிரிவுகளுள் பதிவதிகாரி தம் இஷ்டப்படி சுட்டிய ஒன்றைப் பார்த்தெழுதி, அதற்கு வியாக்கியானமும் எழுத வேண்டும். வியாக்கியானம் சரியா, பிழையா என்று தீர்ப்பளிப்பவரும் அவ்வதிகாரியே. அக்கோடையில் சுமார் 17,000 பேர் அப்படிவத்தோடு மல்லாடினர். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,600 பேர். நியூயார்க் குவீன்ஸ் கல்லூரி மாணவரும் 20 வயதினருமான ஆண்ட்ரூ குட்மன், மிசிசிப்பியில் கால் வைத்த மறுநாளாகிய ஜூன் 21 அன்று, ஜேம்ஸ் சேனி, மைக்கேல் ஷ்வெர்னர் என்ற இரு தோழர்களோடு கொலையுண்டார். ஆகஸ்டு 4 அன்றுதான் மூவர் உடல்களும் ஒரு மண் அணையின் அடியிலிருந்து எடுக்கப்பட்டன.

இவர்களுடைய தியாகத்தை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆயினும் ஊதியம் பற்றிய இக்கட்டுரையில் மறைக்கலாகாத ஓர் உண்மை உண்டு. அத்தொண்டர்களுக்குச் சம்பளம் இல்லை என்பது மட்டுமன்று, கைதாகிவிட்டால் ஜாமீன் கட்டுவதற்கென்று ஒவ்வொருவரும் 500 டாலர் கொண்டுவர வேண்டுமென்பதும் நிபந்தனை. மாணவர் குழுவின் முழுநேர ஊழியர்கள் வாரம் 10 டாலரில் ஜீவனம் செய்த காலம் அது. அத்தொண்டர்கள் பணியில் சேர எழுதிய விண்ணப்பங்களைப் பரிசீலித்து 1988-இல் நூல் வெளியிட்ட சமூகவியலார் டக் மக்ஆடம், தொண்டர்களிற் பெரும்பாலோர் வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகள் என்று காட்டியிருக்கிறார். கோடை முழுதும் உழைத்து அடுத்த ஆண்டின் கல்லூரிக் கட்டணத்தைச் சேர்த்தாக வேண்டிய ஏழை மாணவன், அநீதியின் சுவையைத் தன் வீட்டிலேயே அறிந்தவனாயிருந்தும், அப்பணியில் சேர இயலாதவனாகவே நின்றான். இவ்விடைவெளியை அடைப்பதற்கே ஊதியம் வேண்டப்படுகிறது.

சட்டத்தின் போக்கு சுற்றிவளைத்தது. மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலியை விதித்த 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழில்தரச் சட்டம், ‘ஊழியர்’ எனப்படுவோருக்கே காப்பளித்தது. ரயில் கம்பெனியொன்றில் சில நாட்கள் வேலை பழகியவர்கள் ஊழியர் ஆகார் என்று 1947-இல் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு, கூலியில்லாப் பயிற்சிகளுக்கு நெடுங்காலம் நிழல் தந்தது. பின்னர் ஒரு திரைப்படத்தில் சம்பளமின்றி உழைத்த பயிற்சியாளர்கள் தொடுத்த வழக்கில், 2015-இல், பிரதான நன்மை எவருக்குப் போய்ச் சேருகிறதென்பதையே பார்க்க வேண்டுமென்று மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று விதித்த அளவுகோலைத் தொழில் இலாகா 2018-இல் தானும் ஏற்றுக்கொண்டது. இலாப நோக்கமற்ற ஸ்தாபனங்களுக்கோ மனமுவந்து செய்யும் தொண்டைப் பெற்றுக்கொள்ள எப்போதுமே அனுமதி உண்டு. ஆதலால் அங்கே ஊதியம் வழங்குவது பெரும்பாலும் ஸ்தாபனத்தாரின் மனச்சாட்சியையும் நன்கொடையையும் பொறுத்தது. வெள்ளை மாளிகையே தன் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022-இல்தான்.

வேலையின் தன்மை வெளியார் நினைப்பது போல் மேடைப் பேச்சன்று. காலையில் வந்து குவியும் தபாலில் சிறையிலிருந்து பென்சிலால் நுணுக்கி எழுதிய கடிதம் ஒன்று இருக்கும்; மாணவர் அதனை முழுதும் படித்து, எழுதியவர் யார், எந்தச் சிறை, என்ன குறை, முறையீடு செய்யக் கெடு எந்நாள் என்று பிரித்துக் குறித்து, வக்கீலின் மேஜைக்கு அனுப்ப வேண்டும். கெடுவைத் தவறவிட்டால் நியாயமான வழக்கும் வாசலிலேயே தள்ளுபடியாகும் என்பதை அவர் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்கிறார். அரசாங்கப் பதிவேடுகளைக் கேட்டு மனு எழுதுதல், நீதிமன்ற விசாரணைகளில் அமர்ந்து குறிப்பெடுத்தல், தொலைபேசியில் அழுதுகொண்டே பேசுபவரின் சொல்லைப் பொறுமையாகக் கேட்டு எழுதுதல் ஆகியனவும் உண்டு. சட்ட ஆலோசனை கூறுதல் மட்டும் கூடாது; வக்கீலல்லாதார் அதைச் செய்வது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். கேட்ட இரகசியங்களைக் காப்பது வக்கீலுக்குப் போலவே அவருக்கும் கடமை. வரிவிலக்குப் பெற்ற இத்தகைய தர்ம ஸ்தாபனங்களில் பலவும் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கலாகாது ஆகையால், வாக்காளர்களைப் பதிவு செய்யும்போது கட்சிப் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இவ்வளவும் வேலையே; தர்மமென்று பெயரிட்டு இதனை இலவசமாகப் பெறுவது, சமத்துவத்துக்காகப் போராடும் ஸ்தாபனம் தன் வாசலிலேயே அசமத்துவத்தை நட்டு வைப்பதாகும் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். ஊதியம் மணிக்கணக்கிலோ மொத்தமான உபகாரச் சம்பளமாகவோ தரப்படும். சில கல்லூரிகள் தம் நிதியிலிருந்தும் உதவுகின்றன. நியூயார்க், வாஷிங்டன் போன்ற நகரங்களில் அறை வாடகை முதற் சம்பளத்துக்கு முன்பே கேட்கப்படுமாதலால், தொகையைப் போலவே அது கைக்கு வரும் தேதியும் முக்கியமானது.

அறிவிப்புகள் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலம் தொடங்கி பயிற்சி நடைபெறும் ஆண்டின் வசந்தம் வரை வெளிவரும். தன்விவரக் குறிப்பும், எழுத்து மாதிரி ஒன்றும், ஆசிரியரின் சிபாரிசும் கேட்கப்படுவதுண்டு. ஊதியம் இவ்வளவென்று அறிவிப்பில் காணாவிடில், விண்ணப்பிக்குமுன் அதனைக் கேட்டு எழுத மாணவர்கள் கூச வேண்டியதில்லை.