நிலத்தின் மூத்தோர்

ஓர் இயக்கம் தன் மூத்தோரைப் போற்றத் தொடங்கும்போது தன் வரலாற்றையும் எழுதத் தொடங்கிவிடுகிறது. யாரை மேடையேற்றுகிறோம், யாரை மறக்கிறோம் என்பதில் அவ்வரலாற்றின் சார்பு வெளிப்பட்டுவிடும். பெர்மாகல்ச்சர் இயக்கத்தின் கூடுகைகளை நாம் இந்தக் கண்கொண்டு பார்க்கலாம்.

காட்டின் இயல்பைப் பின்பற்றி மரம், பயிர், கால்நடை, நீர், குடியிருப்பு ஆகியவை ஒன்றையொன்று தாங்கி நிற்குமாறு அமைப்பதே பெர்மாகல்ச்சர். டாஸ்மேனியாவில் பில் மாலிசனும் அப்போது மாணவராயிருந்த டேவிட் ஹோம்கிரெனும் 1970களில் இதனை உருவாக்கினர். 1978இல் அவர்களின் முதல் நூல் வெளிவந்தது. 'நிலைத்த வேளாண்மை' என்னும் சொல்லோ அதனினும் பழையது. அமெரிக்க மண்ணியல் அறிஞர் எஃப். எச். கிங், சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளில் பயணம் செய்து, நாற்பது நூற்றாண்டுகள் பயிரிட்டும் வளம் குன்றாத மண்ணைப் பற்றி எழுதினார். அவர் மறைந்த 1911ஆம் ஆண்டிலேயே வெளியான அந்நூலின் துணைத்தலைப்பில் அச்சொல் இடம்பெற்றது. ஆக, இம்மரபின் முதல் மூத்தோர் பெயர் பதிவாகாத உழவர்களே.

பன்னாட்டுக் கூடுகைகள் 1984இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கின. 1986இல் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் நடந்த இரண்டாம் கூடுகைக்கு மசானபு ஃபுகோகா வந்திருந்தார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' வழியாகத் தமிழ் வாசகர் நன்கறிந்த அந்த ஜப்பானிய உழவருக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. தம் இயக்கத்தின் அடிப்படைத் தத்துவத்தைச் சிறப்பாகச் சொன்னது ஃபுகோகாவின் நூலே என்று மாலிசன் 1979இலேயே எழுதியிருந்தார். நிறுவனரே தமக்கு மூத்த ஒருவரைச் சுட்டிக்காட்டிய பெருந்தன்மை அது.

மாலிசன் 2016 செப்டம்பரில் மறைந்தார். அதற்கடுத்த ஆண்டின் பதின்மூன்றாம் கூடுகை இந்தியாவுக்கு வந்தது. 1980களின் பிற்பகுதியில் அவர் இங்கு வந்து பயிற்சியளித்திருந்தார். அவ்வழியில் வந்த பத்மா, நரசன்னா கொப்புலா இணையர் 1999இல் தொடங்கிய அரண்யா அமைப்பு இதனை நடத்தியது. ஐதராபாத்தில் மாநாடு முடிந்ததும், பேராளர்கள் தெலங்கானாவின் ஜஹீராபாத் அருகே பிடகன்னே என்னும் சிற்றூரின் பண்ணையில் கூடினர்.

அந்த வறண்ட தக்காண மண்ணுக்கென ஒரு மூத்தோர் வரிசை உண்டு. 1983இல் தோன்றிய தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள், மானாவாரி நிலத்தில் சோளம், தினை, துவரை எனப் பல பயிர்களை ஒருசேர விளைவித்தனர். விதைகளைச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து கூடைகளில் இட்டு மண்ணால் மெழுகிக் காத்தனர். சங்கராந்தியையொட்டி அவ்விதைகள் மாட்டு வண்டிகளில் ஊர் ஊராக விழாக்கோலத்துடன் சென்றன. 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அச்சங்கங்களுக்குக் கிடைத்தது.

பெர்மாகல்ச்சர் வடிவமைப்புச் சான்றிதழுக்கு 72 மணி நேரப் பயிற்சி வேண்டும். அக்கிழவிகளோ எந்தச் சான்றிதழும் பெறாதவர்கள். எந்தப் பயிருக்குப் பக்கத்தில் எது நிற்க வேண்டும் என்பதை வாழ்நாள் முழுதும் வயலில் கற்றவர்கள். மாலிசனைப் போற்றுவது முறையே. எனினும் அவர் ஃபுகோகாவைச் சுட்டியதுபோல, கிங் பெயரற்ற உழவரைச் சுட்டியதுபோல, ஒவ்வொரு கூடுகையும் தான் கூடும் நிலத்தின் மூத்தோரைத் தேடிச் செல்லவேண்டும். பொன்னாடை ஒருநாள் மரியாதை. அவர்கள் கையிலுள்ள விதையை வாங்கி அடுத்த பருவத்தில் விதைப்பதே நாம் அவர்களுக்குச் செலுத்தும் உண்மையான மரியாதை.