கூடை கற்பித்த வரலாறு



கம்பளைக்கு அருகே, பழைய பீக்கொக் தோட்டத்தில், நூறாண்டு கடந்த லயம் ஒன்று உண்டு. அதன் காம்பராக்களே 2007ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாயின. அமைத்தது சமூக அபிவிருத்தி நிறுவகம். மன்னர் முடியும் வாளும் அங்கில்லை. வீட்டுச் சாமான்களும் வேலைக் கருவிகளும் பழைய பத்திரங்களுமே உள்ளன.

பதுளையிலிருந்து என் மாணவரை அங்கே அழைத்துச் சென்றேன். அவர்கள் வியப்படையவில்லை. "இது எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே, ஐயா" என்றான் ஒருவன். அப்படியாயின் கொண்டு வாருங்கள் என்றேன்.

மறுவாரம் பள்ளிக்குக் கூடை வந்தது. கூடையோடு, முப்பதாண்டுக்கு மேல் கொழுந்தெடுத்த பாட்டியும் வந்தார். கூடைக் கயிற்றைப் பிள்ளைகளின் தலையில் மாட்டி, பாரத்தைக் கழுத்தும் முதுகும் எவ்வாறு பகிர்ந்து தாங்குகின்றன என்று காட்டினார். இரண்டு இலையும் ஓர் அரும்புமாக ஒடிக்கச் செய்தார். "கைக்குள்ளே நசுக்காதீர்கள், கன்றிப்போகும்" என்றார். ஒருவன் வேண்டுமென்றே கசக்கிப் பார்த்தான். சற்று நேரத்தில் இலை செம்பழுப்பாகி மணம் மாறியது. தொழிற்சாலையின் உருளை இயந்திரம் செய்வதும் இதுவே. இலையின் சாறு காற்றோடு கலந்தாலன்றிக் கருந்தேயிலை இல்லை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ கொழுந்து வேண்டும் என்ற கணக்கை அன்று நான் கரும்பலகையில் எழுத நேரவில்லை. கூடையைச் சுமந்தவர்களே கேட்டறிந்தார்கள்.

பாடநூலை நான் பழிக்கவில்லை. அதை வைத்துத்தான் இத்தனை ஆண்டுகள் பிழைத்தேன். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் கோப்பியை நோய் தாக்கியதும், 1890இல் லிப்டன் ஊவாவில் தோட்டங்கள் வாங்கியதும் தெரிந்திருக்க வேண்டியவையே. ஆனால் புகைவண்டி பதுளையை எட்டியது 1924இல்தான். அதற்கு முன்னரே இம்மலைகளில் ஏறிக் காடழித்து வழி செய்தவர்களின் பெயர்கள் எந்தப் பாடத்தில் உள்ளன? அவை தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. பெட்டிக்குரியவர் மறைந்தால் கடிதமும் அடுப்புக்குப் போகும். இந்த அச்சமே என்னை இப்பேச்சுக்குத் தூண்டியது.

அப்பாட்டியின் பெட்டியிலும் ஒன்று இருந்தது: அவர் கணவரின் இந்தியக் கடவுச்சீட்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குரியவர் என்று எண்ணப்பட்டவர் அவர். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. பேரன் வாசிக்க, வரி வரியாகக் கேட்டார். தாம் காத்துவந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அன்றுதான் முழுமையாக அறிந்தார்.

"பிறகேன் தாத்தா போகவில்லை?" என்று பேரன் கேட்டான்.

"வரவேண்டிய காசு வரட்டும் என்று இருந்தோம், ஐயா" என்று பாட்டி என்னைப் பார்த்தே சொன்னார். "அது வருவதற்குள் கப்பல் நின்றுவிட்டது."

தலைமன்னார்க் கப்பல் நின்றது 1984இல். ஆண்டை மட்டும் நான் சொன்னேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.