உறையும் ஒரு பாடமே: ஒரு ராக் இசைத்தொகுப்பின் மறுவெளியீடுகளை முன்வைத்து

பெங்களூரு ஓல்டு ஏர்போர்ட் சாலையில் உள்ள எச்.ஏ.எல். விமானக் காட்சியகத்தில் எஞ்சின்களுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி நெருக்கமாகச் செருகிய டர்பைன் பிளேடுகளை அங்கே அருகில் நின்று பார்க்கலாம். ஒவ்வொன்றும் லேசாக முறுக்கி வளைந்திருக்கும். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் உலோகம் என்ற நினைவு விலகி, விலா எலும்புகளின் வரிசை கண்ணில் தட்டுப்படும். 1989 அக்டோபரில் வெளிவந்த, அமெரிக்க ராக் குழுவான நைன் இன்ச் நெய்ல்ஸின் முதல் இசைத்தொகுப்பான ‘பிரெட்டி ஹேட் மெஷின்’ அட்டைப்படம் இந்த மயக்கத்தின் மேல்தான் நிற்கிறது. அதை வடிவமைத்தவர் கேரி டால்பஸ். டர்பைன் பிளேடுகளின் புகைப்படத்தை நீளவாக்கில் இழுத்து, எலும்புக்கூடு என்று எண்ணும்படி செய்தார். எந்திரத்துக்குள் உடலையும் உடலுக்குள் எந்திரத்தையும் தேடிய இசைக்கு இதைவிடப் பொருத்தமான முகப்பு அமைந்திருக்க முடியாது.

இந்தத் தொகுப்பு மறுவெளியீடு கண்டபோதெல்லாம் பேச்சு ஒலித்தரத்தைச் சுற்றியே நடந்தது. உறையை யாரும் பாடமாக, அதாவது மூல வாசகத்தின் ஒரு பகுதியாக, கொள்ளவில்லை. இசைத்தட்டின் மறுவெளியீட்டை நாம் ‘பதிப்பு’ என்ற பொருளில், சுவடிப் பதிப்பாசிரியர்கள் அச்சொல்லுக்குத் தந்த முழுக் கனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். மேலும் சுவடிகள் கிடைத்தால் பாடம் திருந்தும் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. ஆயினும் தாம் ஏற்காத பாடத்தை அவர் அழித்துவிடவில்லை, பிரதிபேதமாகக் குறித்து வைத்தார். படிப்பவர் இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க இடமிருந்தது.

அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். தொகுப்பை முதலில் வெளியிட்ட டி.வி.டி. (TVT) ரெக்கார்ட்ஸுக்கும் குழுவின் தலைவர் ட்ரென்ட் ரெஸ்னருக்கும் இடையிலான பிணக்கு இசையுலகம் அறிந்தது. பின்னாளில் தொகுப்பு சில ஆண்டுகள் அச்சில் இல்லாமலே போனது. 2005இல் ரைகோடிஸ்க் நிறுவனம் அதை மீண்டும் கொண்டுவந்தது. 2010 நவம்பரில் ரீமாஸ்டர் செய்த பதிப்பு வந்தது. அதில் இரண்டு மாற்றங்கள். முதலாவது, குவீன் குழுவின் ஒரு பாடலை நைன் இன்ச் நெய்ல்ஸ் தம் பாணியில் இசைத்த பதிவு இறுதியில் சேர்க்கப்பட்டது. சுவடியியல் சொல்லில் இது இடைச்செருகல் ஆகாது. கடைசியில், தனியாக நிற்பதால் பின்னிணைப்பு என்று கொள்ளலாம். குறை சொல்ல ஏதுமில்லை. இரண்டாவது மாற்றம்தான் சிக்கலானது. டால்பஸின் படிமத்தை அடிப்படையாக வைத்து ராப் ஷெரிடன் அட்டையைப் புதிதாக உருவாக்கினார். பழைய அட்டை எந்தப் பக்கத்திலும் பிரதிபேதமாக முன்வைக்கப்படவில்லை என்றால், புதிதாக வாங்குபவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் போகும்.

ஷெரிடன் வெளியாள் அல்லர், ரெஸ்னரோடு பல்லாண்டு பணியாற்றிய கலை இயக்குநர், ஆகவே இது ஆசிரியரே செய்த திருத்தம் என்று மறுப்பு வரலாம். வலுவான மறுப்புதான். ஆனால் ஆசிரியரே திருத்தினாலும் முதற்பதிப்பு முதற்பதிப்பே. மேலும் அட்டையைப் பொறுத்தவரை ஆசிரியர் ஒருவர் அல்லர். டால்பஸும் ஓர் ஆசிரியர்.

அதே குழுவின் 1994 மார்ச்சில் வந்த தொகுப்பான ‘த டவுன்வர்ட் ஸ்பைரல்’ இதே கேள்வியை வேறு பக்கமாகத் திருப்புகிறது. அதன் முகப்பு ரஸ்ஸல் மில்ஸ் செய்த ‘வூண்ட்’, அதாவது காயம். பிளாஸ்டர், அக்ரிலிக், எண்ணெய் வண்ணம், துருவேறிய உலோகம், பூச்சிகள், அந்துப்பூச்சிகள், மெழுகு, வார்னிஷ், அறுவைச் சிகிச்சைக் கட்டுத்துணி ஆகியவற்றோடு இரத்தத்தையும், அதிலும் பெரும்பகுதி தம் சொந்த இரத்தத்தையும், மரப்பலகை மேல் சேர்த்துச் செய்திருக்கிறார். மேடுபள்ளம் கொண்ட, தொட்டால் கையை உறுத்தக்கூடிய பொருள் அது. அதன் புகைப்படம் 12 சென்டிமீட்டர் குறுந்தகட்டு உறைக்குள் அடங்கியபோது துருவும் இரத்தமும் ஒரே பழுப்பாகிவிட்டன. தொண்ணூறுகளில் பெங்களூரில் ராக் கேட்டவர்கள் பலருக்கும் கிடைத்தது கேசட். அதன் முகப்போ உள்ளங்கையளவு. ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் பக்கமுள்ள இசைத்தட்டு உறை, குறுந்தகட்டு உறையைப் போல ஆறரை மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையது. 2004இல் பத்தாண்டு நிறைவுப் பதிப்பு பன்முக ஒலியமைப்போடு வந்தபோது காதுக்கு விருந்து கிடைத்தது. கண்ணுக்கு உரிய பரப்பு 2016 இறுதியில் அறிவிக்கப்பட்ட இசைத்தட்டு வரிசையில் கிடைத்தது. அந்த வகையில் அதுவே மேலான பதிப்பு என்பது என் முடிவு.

இந்தியாவுக்கு வருவோம். ‘பிரெட்டி ஹேட் மெஷின்’ ரீமாஸ்டர் பதிப்பு வந்த அதே 2010இல், சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த 1982ஆம் ஆண்டு இசைத்தட்டு மறுவெளியீடு கண்டது. ரோலண்ட் நிறுவனத்தின் 303, 808, ஜூபிட்டர் 8 ஆகிய மின்னிசைக் கருவிகளைக் கொண்டு அந்த மும்பைக் கலைஞர் செய்த எந்திர இசை அது. முதலில் வெளியிட்டது இந்தியாவின் கிராமபோன் கம்பெனி. மீட்டெடுத்தது டச்சுக்காரர் எடோ போமனின் வெளியீட்டு நிறுவனமான பாம்பே கனெக்‌ஷன். நம் இசைத்தட்டுக்கு இரண்டாம் பதிப்பு காண அயல்நாட்டார் வர வேண்டியிருந்தது.

தமிழ்த் திரைப்பட இசைத்தட்டுகளின் நிலை இதைவிட வருத்தம் தருகிறது. பரணி, உபால்டு போன்றோரின் பெயர்கள் படங்களின் பெயர்ப் பட்டியலில் விளம்பர வடிவமைப்புக்காக வந்தன. ஆனால் நான் கையிலெடுத்துப் பார்த்த பழைய உறைகள் பலவற்றில் வரைந்தவர் பெயருக்கு இடமே தரப்படவில்லை. பழைய பாடல்களைப் புதிய தட்டில் வெளியிடுவோர் முதல் உறையைத் தேடிப் பார்க்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

பெங்களூரு ஜே.பி.நகரில் 2019 முதல் இயங்கும் இந்திய இசை அனுபவ அருங்காட்சியகமும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், வீட்டு அலமாரியில் இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் தனியார் சேகரிப்பாளர்களும் ஒரு வேலையை இன்றே தொடங்கலாம். பட்டியலிடும்போது பாடகர், இசையமைப்பாளர், தட்டு எண் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்று கட்டங்கள் சேருங்கள்: உறையை வடிவமைத்தவர் யார், எந்தப் பதிப்பின் உறை, முந்தைய உறையிலிருந்து என்ன மாறியிருக்கிறது. பெயர் கிடைக்காத இடத்தில் கட்டத்தை வெறுமையாக விட்டு வையுங்கள், நீக்கிவிட வேண்டாம்.