நவாபின் சேவல்கட்டு

பொங்கலுக்குப் பனியன் கம்பெனிகள் மூடியதும் திருப்பூரில் சேவல் பிரியர்களுக்கு ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் பூலாம்வலசு உண்டா, இல்லையா? அரவக்குறிச்சிப் பக்கம் நடக்கும் சேவல்கட்டு அது. காலில் கத்தி கட்டி விடுவார்கள். தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர், அது ஜெயித்தவன் வீட்டுக் குழம்புக்குப் போகும். அந்தக் கூட்டத்துக்குக் காட்ட வேண்டிய படம் ஒன்று லண்டனில் இருக்கிறது.

அது பிறந்த ஊர் லக்னோ. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1784-இல் அங்கே போயிருந்தபோது, ஓவியர் யோஹான் சோஃபனியிடம் ஒரு சேவல் சண்டையை வரையச் சொன்னார். எண்ணெய் வண்ணத்தில், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலத்தில் அது உருவானது. ஒரு பக்கம் அவத் நவாப் ஆசஃப் உத் தௌலா, எதிர்ப்பக்கம் அவருடைய மெய்க்காவல் படையைப் பார்த்துக்கொண்ட கர்னல் மோர்டான்ட். நவாபுக்கு வேடிக்கை விளையாட்டுகளை ஏற்பாடு செய்து தருவதும் மோர்டான்ட்தான். சுற்றிலும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள், அரண்மனை ஆட்கள், சேவலைக் கையில் பிடித்தவர்கள். ஓரத்தில் சோஃபனி தன்னையும் வரைந்துகொண்டார்.

பார்க்க வேண்டியது நவாபைத்தான். ராஜ உருவப்படம் என்றால் ஆசனம், முத்துமாலை, அசையாத முகம். இதில் அந்தக் கம்பீரமெல்லாம் போய்விட்டது. இருக்கையில் இருக்க முடியாமல் எழுந்து, கையை விரித்துக்கொண்டு மோர்டான்டை நோக்கி வருகிறார். பந்தயம் கட்டியவனின் உடம்பு அது, எந்தக் களத்திலும் பார்க்கலாம். லக்னோவின் பெரிய இமாம்பாரா மண்டபத்தைக் கட்டியெழுப்பியவரும் இதே ஆள்தான். ஆனால் அவருடைய ஆசை எதில் இருந்தது என்பதை இந்தப் படம்தான் காட்டிக்கொடுக்கிறது.

நவாபுக்காக வரைந்த இன்னொரு பிரதி லக்னோவிலேயே தங்கியது. 1857 கிளர்ச்சியில் அது அழிந்ததாகச் சொல்கிறார்கள். ஹேஸ்டிங்ஸின் படம் இங்கிலாந்தில் அவருடைய டேல்ஸ்ஃபோர்டு மாளிகைக்குப் போனது. 1792-இல் ரிச்சர்ட் எர்லம் அதைச் செதுக்கி அச்சுப்படமாக்க, லக்னோவைக் கண்ணால் பார்க்காதவர்களும் நவாபின் பொழுதுபோக்கை வேடிக்கை பார்த்தார்கள். ஊதாரி நவாப் என்று பேச வசதியான படம்தான். அதே களத்தில் வெள்ளைக்காரர்களும் நிற்கிறார்களே என்று கேட்கத் தோன்றவில்லை போலும்! இங்கிலாந்தே சேவல் சண்டையைச் சட்டம் போட்டுத் தடுத்தது 1835-இல்தான்.

பிறகு கைமாறிக் கைமாறி, 1994-இல் நன்கொடை திரட்டி டேட் அருங்காட்சியகம் அதை வாங்கியது.

இந்தப் படத்தில் யார் யார் என்று ஆராய்ச்சியாளர்கள் பேர் பேராகச் சொல்வார்கள். மோர்டான்ட், கிளாட் மார்ட்டின், வோம்ப்வெல் என்று பட்டியல் நீளும். சேவல்களின் பேரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. நம் ஊரில் செய்திருக்கிறார்கள். சண்டையில் செத்த சேவலுக்கு நடுகல் நட்டவர்கள் நாம். இந்தளூர்க் கல்வெட்டில் பொற்கொற்றி என்று கோழியின் பேரே இருக்கிறது. லண்டன் போக முடியாதவர்கள் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்துக்குப் போகலாம். சுமார் 1,500 வருஷத்துக்கு முந்தைய சண்டைச் சேவல் ஒன்று அங்கே கல்லில் நிற்கிறது.