நோயாளி உணவு

நோயுற்றவரின் உடல்நிலைக்கு ஏற்ற உணவைத் தேர்ந்து, அவர் அதை உண்கிறாரா என்று கவனிக்கும் மருத்துவமனைப் பணி. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரியும், கொழுப்பு 9 கிலோகலோரியும் தருகின்றன. காய்ச்சல், தீக்காயம் போன்றவற்றில் தேவை கூடும். பசியோ அப்போதுதான் மங்கும். உணவியலாளர் அளவை வகுப்பார். தட்டில் எவ்வளவு மீந்தது என்பதைச் செவிலியரே அறிவார். குறிப்பேட்டில் மிக அருமையான தகவல் அதுதான்.

நவீன செவிலியப் பணியின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்சிங்' நூலில் உணவூட்டும் முறைக்கும் உணவு வகைக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. தொடாத உணவை நோயாளியின் பக்கத்திலேயே விட்டுவைப்பதை அவர் கண்டித்தார். மிகவும் தளர்ந்தவர்களுக்குக் காலையில் திட உணவு இறங்காது என்பதையும் கவனித்திருந்தார்.

விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் தர வேண்டும். மூக்குக்குழாய் வழியே ஊட்டுமுன் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்த வேண்டும். மூச்சுக்குழாயில் உணவு புகுந்தால் நிமோனியா வரலாம். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறைய ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்துடிப்பு தடுமாறலாம். அவருக்கு அளவைச் சிறிது சிறிதாகவே கூட்டுவர்.