கைமாறிய ஸ்பைடர்

மிக்கேலாஞ்சலோ அந்தோனியோனியின் 'கிரகணம்' (1962) திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் காரை மறந்திருக்க முடியாது. ரோம் பங்குச் சந்தையில் தரகனாக வேலை செய்யும் பியரோவிடம் கூரை மடக்கும் ஆல்ஃபா ரோமியோ ஜூலியெத்தா ஸ்பைடர் ஒன்று இருக்கிறது. ஓர் இரவு, வீதியில் நிற்கும் அந்தக் காரைக் குடிகாரன் ஒருவன் ஓட்டிச் சென்றுவிடுகிறான். மறுநாள் ஏரியிலிருந்து அதைப் பளுதூக்கியால் மேலே எடுக்கிறார்கள். கதவின் விளிம்பில் இறந்தவனின் கை ஒன்று தொங்குகிறது. விட்டோரியா அந்தக் கையைப் பார்க்கிறாள். பியரோவின் கவலையோ ஒடுங்கிய தகட்டைப் பற்றியும் நீர் புகுந்த எஞ்சினைப் பற்றியும்தான்.

பியரோவாக நடித்தவர் அலென் தெலோன். அப்படம் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் அவரும் ஒரு ஸ்பைடருக்கு உரிமையாளராக இருந்தார். அது ஆல்ஃபா ரோமியோவைவிடப் பன்மடங்கு விலை மிகுந்த ஃபெராரி. அவர் அதைப் புதிதாக வாங்கவில்லை, இன்னொரு நடிகரிடமிருந்து இரண்டாம் கையாகத்தான் வாங்கினார். அந்தக் காரின் வரலாறு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீண்டு, 2015ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் ஓர் ஏல மேடையில் உலகச் செய்தியாயிற்று. பிறர் ஓட்டிய காரை வாங்கும்போது நாம் உண்மையில் எதை வாங்குகிறோம் என்ற கேள்விக்கு அந்த ஒரு காரின் கதையைப் போல் தெளிவான விடை தருவது வேறில்லை என்பது என் எண்ணம்.

முதலில் அதன் பிறப்பு. 1950களில் என்ஸோ ஃபெராரிக்குப் பந்தயமே வாழ்க்கை. பொதுமக்களுக்குக் கார் விற்பது அந்தப் பந்தயத்திற்குப் பணம் சேர்க்கும் வழி. அந்தப் பணம் பெருமளவில் அமெரிக்காவில் இருந்தது. கிழக்குக் கடற்கரையில் லூயிஜி கினெட்டியும் மேற்குக் கடற்கரையில் ஜான் வான் நியூமனும் ஃபெராரியின் கார்களை விற்று வந்தார்கள். வெயிலும் நீண்ட கடலோரச் சாலைகளும் கொண்ட கலிஃபோர்னியாவுக்கு ஏற்ற, கூரையற்ற, பந்தயத்திற்கும் ஈடுகொடுக்கக்கூடிய வண்டி ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்துதான் எழுந்தது. அப்படிப் பிறந்ததே 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். மூன்று லிட்டருக்குச் சற்றே குறைந்த கொள்ளளவு கொண்ட, பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் அதற்கு. உடற்கூட்டை மொதெனாவில் ஸ்கால்யெத்தியின் பட்டறையில் தகடு தட்டிச் செய்தார்கள். முதலில் சக்கர இடைவெளி 2600 மில்லிமீட்டர். 1960இல் அதை 2400 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள், வண்டி வளைவுகளில் மேலும் துடிப்பாயிற்று. 1963இல் உற்பத்தி நின்றபோது இரு வகைகளையும் சேர்த்துச் சுமார் நூறு வண்டிகளே செய்யப்பட்டிருந்தன. கையால் செய்யப்பட்டவை என்பதால் ஒன்றைப் போல் மற்றொன்று அச்சு அசலாக இருக்காது.

நம் கதைக்குரிய கார், குறுகிய சக்கர இடைவெளி கொண்ட வகை. சேஸிஸ் எண் 2935. 1961ஆம் ஆண்டு பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அது வைக்கப்பட்டிருந்தது. அதை முதலில் வாங்கியவர் ஜெரார் ப்ளேன். க்ளோத் ஷாப்ரோலின் முதல் இரு படங்களில் நடித்து, பிரெஞ்சுப் புதிய அலையின் தொடக்க முகங்களில் ஒன்றாக அறியப்பட்டவர். அவரிடமிருந்து தெலோன் வாங்கினார். ஷாப்ரோலின் அந்த இரு படங்களுக்கும், தெலோனைப் பெரும் நட்சத்திரமாக்கிய ரெனே க்ளெமானின் 1960ஆம் ஆண்டுப் படத்திற்கும் ஒளிப்பதிவு செய்தவர் ஒருவரே, ஆன்ரி தெக்காய். ப்ளேனையும் தெலோனையும் ஒரே கண் பார்த்திருக்கிறது. ஒரே இருக்கையில் இருவரும் அமர்ந்திருக்கிறார்கள். 1964இல் வெளிவந்த க்ளெமானின் இன்னொரு படத்தில் தெலோனுடன் நடித்தவர் ஜேன் ஃபோண்டா. தெலோனும் ஃபோண்டாவும் இந்த ஸ்பைடரில் அமர்ந்திருக்கும் புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. எடுத்தவர்களுக்கு அது விளம்பரப் படம், அவ்வளவே. ஐம்பது ஆண்டுகள் கழித்து அவை பல லட்சம் யூரோ மதிப்புள்ள சான்றுகளாகும் என்று அன்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

தெலோன் அதை நெடுங்காலம் வைத்திருக்கவில்லை. கார் மேலும் கைமாறியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960களின் பிற்பகுதியில் பழைய ஃபெராரி என்பது செல்வமல்ல, சுமை. புதிய, மேலும் வேகமான மாதிரிகள் வந்துவிட்டிருந்தன. பன்னிரண்டு சிலிண்டர்களையும் மூன்று கார்புரேட்டர்களையும் சுருதி கூட்டி வைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் சிலரே. அவர்களுடைய கூலியும் அதிகம். கூரை மடக்கும் வண்டிகளுக்கு மேலும் ஒரு நோய் உண்டு. துணிக்கூரையின் தையல்வழி இறங்கும் மழைநீர் தரைத்தகட்டில் தேங்கி, கீழிருந்து அரிக்கும். மேலே வண்ணம் மின்னிக்கொண்டிருக்கும்போதே அடியில் இரும்பு பொடிந்துகொண்டிருக்கும். 1973இன் எண்ணெய் நெருக்கடி வந்தபோது இத்தகைய வண்டிகள் கேலிப்பொருளாகவும் ஆயின. புதிய காரின் விலை முதல் நாளிலிருந்தே சரிகிறது. எத்தனையோ வண்டிகள் அந்தச் சரிவின் அடிவாரத்தில் உடைசலாகிப் போகின்றன. தப்பியவை மட்டுமே பிற்பாடு மேலேறுகின்றன. ஆகவே பழைய ஆடம்பரக் காரின் வரலாறு என்பது, எவரும் விரும்பாத அந்த இடைக்காலத்தில் அதை யார் காப்பாற்றினார்கள் என்பதன் வரலாறே.

இந்தக் காரைக் காப்பாற்றியவர் ரொஜே பையோன். பிரான்சின் மேற்குப் பகுதியில், தூ-செவ்ர் மாவட்டத்தில் சரக்குப் போக்குவரத்துத் தொழில் நடத்தியவர். லாரிகளோடு வாழ்ந்த மனிதர். போருக்கு முன் பிரான்சில் செய்யப்பட்ட கார்கள் கண்முன்னே உடைசல் கடைகளுக்குப் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. 1950கள் முதல் அவற்றை வாங்கிச் சேர்த்தார். புகாட்டி, இஸ்பானோ-சுயிஸா, தெலாஹாயே, தால்போ-லாகோ, பனார்-லெவாஸோர் என்று அந்தப் பட்டியல் நீண்டது. எகிப்து மன்னர் ஃபரூக்கிடம் இருந்த தால்போ-லாகோ ஒன்றும் அதில் உண்டு. 1971இல் தெலோனின் பழைய ஸ்பைடரும் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் செப்பனிட்டு ஓர் அருங்காட்சியகம் அமைப்பது பையோனின் கனவு.

கனவு நிறைவேறவில்லை. 1970களில் அவருடைய தொழில் நொடித்தது. ஏறத்தாழ ஐம்பது கார்களை விற்க வேண்டி வந்தது. மிஞ்சியவற்றைச் செப்பனிடப் பணமும் இல்லை, மனமும் இருந்திருக்காது. தற்காலிகமாகப் போட்ட தகரக் கொட்டகைகளின் கீழ் அவை நின்றன. சுவரில்லாத கொட்டகைகள். கொடிகள் சக்கரங்களில் ஏறின. சில கார்கள் மண்ணோடு மண்ணாக அமிழ்ந்தன. ஸ்பைடரும் அதனருகே ஒரு மஸெராட்டியும் மட்டும் மூடிய கொட்டடி ஒன்றில் இருந்தன. ஸ்பைடரின் மேல் பழைய பத்திரிகைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பையோன் மறைந்தார், பின்னர் அவருடைய மகனும் மறைந்தார். 2014இல் பேரப்பிள்ளைகளின் அழைப்பின் பேரில் ஆர்ட்க்யூரியால் ஏல நிறுவனத்தின் மத்தியூ லமூரும் பியேர் நோவிகோஃபும் அங்கே சென்றபோதுதான் உலகம் அதை மீண்டும் பார்த்தது.

2015 பிப்ரவரி 6 அன்று, பாரிஸில் ரெட்ரோமொபில் கண்காட்சியின்போது ஏலம் நடந்தது. மொத்தம் 59 கார்கள். ஸ்பைடருக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்ட மதிப்பு 95 லட்சம் முதல் 1.2 கோடி யூரோ வரை. அது போன விலை, கட்டணங்கள் உட்பட, 1 கோடியே 62 லட்சத்து 88 ஆயிரம் யூரோ. அதனருகே இருந்த மஸெராட்டி ஏறத்தாழ 20 லட்சத்திற்குப் போனது. முழுச் சேகரமும் 2.5 கோடி யூரோவைத் தாண்டியது. அதாவது, அந்த ஒரு வண்டி மட்டும் மற்ற 58 வண்டிகளின் கூட்டுத் தொகையைவிட அதிகம்.

அந்தக் காரை மேடையில் வைத்த விதம்தான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. கழுவவில்லை, மெருகேற்றவில்லை. பல்லாண்டுத் தூசியோடும் மங்கிய வண்ணத்தோடும் அப்படியே வைத்தார்கள். பழைய புத்தகக் கடையில் முதற்பதிப்பு தேடியலைந்த நம் வாசகர்களுக்கு இது புதிதல்ல. புது அட்டை போட்டுத் தைத்த பிரதியைவிட, ஓரம் பழுத்து, முன்னவர் ஒருவரின் கையெழுத்தோடு கிடைக்கும் பிரதியைத்தான் நாம் மார்போடு அணைத்துக்கொள்கிறோம். பழைய கார் உலகில் இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. விலை ஏற ஏறப் போலிகளும் பெருகின. ஃபெராரியின் பிற்கால மாதிரியான டேட்டோனாவில் கூரை மடக்கும் வகை நூற்றிருபதுக்குச் சற்று மேலாகவே தொழிற்சாலையிலிருந்து வந்தது. கூரையுள்ள டேட்டோனாக்களின் தலையை வெட்டிப் பலர் ஸ்பைடர்களாக்கினார்கள். 1986இல் வெளிவந்த ஹாலிவுட் நகைச்சுவைப் படமான 'ஃபெரிஸ் ப்யூலர்ஸ் டே ஆஃப்' படத்தில் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுவதும் கலிஃபோர்னியா ஸ்பைடர்தான், ஆனால் அது நார்க்கண்ணாடியில் வார்த்த நகல். ஆகவே வாங்குகிறவர் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார், உரிமையாளர்களின் சங்கிலி அறாமல் இருக்கிறதா என்று தேடுகிறார். இந்தச் சந்தையில் தூசியும் ஒரு சாட்சி. தொடப்படாததைப் போலியாகச் செய்வது கடினம்.

ஆனால் எல்லாப் பழைய ஸ்பைடர்களும் இருட்டில் கிடந்து விலையேறியவை அல்ல. நடிகர் ஜேம்ஸ் கோபர்ன் 1964இல் தம் கலிஃபோர்னியா ஸ்பைடரை இரண்டாம் கையாகவே வாங்கினார். 1987 வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, அதைத் தம்மிடமே வைத்திருந்தார். 2008இல் மரனெல்லோவில் நடந்த ஏலத்தில் அது 70 லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. அன்றைக்கு அது பெருந்தொகை. கோபர்னின் கார் ஒரு நீண்ட தோழமையின் வரலாறு. பையோனின் கொட்டடியிலிருந்து வந்ததோ ஒரு தோல்வியின் வரலாறு. சந்தை இரண்டுக்கும் விலை கொடுத்தது.

நான் மேலே கேட்ட கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. 1.6 கோடி யூரோ கொடுத்தவர் வாங்கியது இரும்பை மட்டுமல்ல. மூன்று மனிதர்களின் காலத்தை வாங்கினார். புதிதாக அதை வீட்டுக்கு ஓட்டிச் சென்ற ப்ளேனின் மகிழ்ச்சியை, கடலோரத்தில் படமெடுக்கப்பட்ட தெலோனின் இளமையை, அருங்காட்சியகம் கட்ட முடியாமல் போன ஒரு லாரி முதலாளியின் முப்பது நாற்பது ஆண்டுத் துயரத்தை. செய்தித்தாள்கள் அதைத் தெலோனின் கார் என்றே எழுதின. தெலோன் அதில் அமர்ந்தது சில காலம். பையோனின் குடும்பத்தில் அது கிடந்தது நாற்பது ஆண்டுகளுக்கும் மேல். அவர் செழித்திருந்தால் அது பளபளவென்று செப்பனிடப்பட்டிருக்கும், அந்த விலைமதிப்பற்ற தூசி இருந்திருக்காது. அவர் வாங்காமலே விட்டிருந்தால் காரே மிஞ்சியிருக்குமா என்று சொல்ல முடியாது. ஆகவே அவருடைய ஆசையும் தோல்வியும் விலைக்குள் அடக்கம். பெயர் மட்டும் இன்னொருவருடையது.

இதை அநீதி என்று சொல்வதா? வரலாறு பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகிறது. ஏட்டைப் பாடியவன் பெயர் நிற்கும், கரையானிடமிருந்து காத்தவன் பெயர் அரிதாகவே நிற்கும். ஆயினும் பையோனின் சேகரம் என்ற பெயரில் அந்த ஏலம் நடந்தது என்பதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. அவர் கட்ட நினைத்த அருங்காட்சியகம் விற்பனைக்கு முந்தைய சில நாட்களுக்கு மட்டும் உண்மையில் கட்டப்பட்டது. அவருடைய கார்களைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். அவர் அதைப் பார்க்க இல்லை.

அலென் தெலோன் 2024 ஆகஸ்ட் மாதம் மறைந்தார். அந்தச் செய்தியைப் படித்த இரவில் நான் மீண்டும் 'கிரகண'த்தைப் பார்த்தேன். பளுதூக்கி காரை நீரிலிருந்து உயர்த்துகிறது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் நிற்கிறது. ஒருவன் ஒடுக்குகளை எண்ணுகிறான், ஒருத்தி தொங்கும் கையைப் பார்க்கிறாள். பாரிஸ் ஏல மேடையின் முன்னால் நின்றவர்களில் எத்தனை பேர் அந்தத் தூசிக்குள் ஒரு கையைக் கண்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். பழைய பொருளை வாங்குகிற எவரும் ஒருமுறை அந்தக் கையைப் பார்த்துவிட்டு, பிறகு விலை பேசலாம்.